கொள்ளைநோய்க் காலத்திற் சிறுவர் கால்நடைக் காட்சி

கொள்ளைநோய் பரவுங் காலத்திற் கூட்டங் கூடலாகாதென்பது யாவரும் அறிந்த விதி. கலியாணத்தைத் தள்ளி வைக்கலாம். பரீட்சையைத் தள்ளி வைக்கலாம். கல்லூரியின் ஆண்டு விழாவை ஓராண்டு நிறுத்தி வைத்தாலும் உலகம் முழுகிப் போகாது. ஆனால் பத்து மாதமாக ஒரு சிறுவன் தன் கையாலே தீனி வைத்து வளர்த்த காளையை நோக்கி, "அடுத்த ஆண்டுவரை நீ இப்படியே இரு" என்று எவருஞ் சொல்ல முடியாது. அது வளரும்; கொழுக்கும்; குறித்த பருவங் கடந்தாற் காட்சிக்கும் ஆகாது, கசாப்புக்கும் உரிய விலை பெறாது. 2020-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சிறுவர் கால்நடைக் காட்சிகளை நடத்துஞ் சங்கத்தார்க்கு நேர்ந்த சங்கடம் இதுவே. அதனை அவர்கள் எவ்வாறு சமாளித்தனர், எவ்விடத்தில் நல்ல பயன் கண்டனர், எவ்விடத்தில் வீண்வேலை செய்தனர் என்பவற்றை நம் கல்லூரி நண்பர்கட்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம். விலங்கியல் பயில்வோர்க்கு மட்டுமன்றி, என்றேனும் ஒரு கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பை ஏற்கவேண்டிய யாவர்க்கும் இதிற் கொள்ளத்தக்கன சில உண்டு.

இக்காட்சி இன்னதென்பதை முதலிற் கூறுவோம். இது மாடு விற்குஞ் சந்தையுமன்று. விநோத மிருகங்களை வேடிக்கை காட்டுமிடமுமன்று. ஏறத்தாழ எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறுவரும் சிறுமியரும் ஒரு கன்றையோ, பன்றிக்குட்டியையோ, செம்மறியாட்டுக் குட்டியையோ வாங்கி, சங்கத்திற் பதிவு செய்து, காதில் அடையாளவில்லை பூட்டுவித்து, தீனிக்கு ஆன செலவையெல்லாங் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மாதக்கணக்காக வளர்க்கின்றனர். கோடைக்காலத்தில் ஜில்லாக் காட்சி கூடும்போது அதனைக் கழுவித் துடைத்து, மரத்தூள் பரப்பிய களத்தில் நடத்திக் காட்டுகின்றனர். நடுவர் ஒருவர் ஒவ்வொன்றையும் நோக்கித் தரம் பிரிப்பார். பிரித்ததற்குக் காரணங்களையும் யாவருங் கேட்க உரைப்பார். கால்நடையின் தரத்திற்கு ஒரு போட்டி; அதனைக் கையாளும் பிள்ளையின் திறமைக்கு மற்றொரு போட்டி. முடிவில் ஏலம். அவ்வூர் வணிகர்கள் சந்தை விலைக்கு மேலே மனமுவந்து கொடுத்து வாங்குவர். அப்பணத்தைக் கல்லூரிப் படிப்பிற்கென்று சேர்த்து வைக்கும் பிள்ளைகள் மிகப் பலர். ஆதலின், காட்சி நின்றுபோயிற்றென்றாற் போவது ஒரு நாள் விளையாட்டு மாத்திரமன்று.

இதனை நடத்துஞ் சங்கங்களுள் மூத்தது 'போர்-எச்' எனப்படுவது. தலை, இதயம், கை, உடல்நலம் என்னும் பொருளுடைய நான்கு ஆங்கிலச் சொற்களும் 'எச்' என்னும் எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் வந்தது. 1902-இல் ஒகையோ மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஏ. பி. கிரகாம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அமைத்த சிறு சங்கமே இதன் வித்து என்பர். 1914-ஆம் ஆண்டுச் சட்டமொன்றால், விவசாயக் கல்லூரிகளின் அறிவைக் குடியானவர் வீட்டு வாயிலுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு உண்டாகவே, இச்சங்கமும் அக்கல்லூரிகளின் ஆதரவிற் கிளைத்தது. இன்று சுமார் 60 லட்சம் இளைஞர் இதில் ஈடுபட்டுள்ளனர். 1928-இல் கான்சஸ் நகரத்தில் தோன்றிய 'எப்.எப்.ஏ.' என்னும் இளம் உழவர் சங்கமும் இத்துறையில் உடனுழைப்பது.

இனி அந்த ஆண்டின் கதைக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகளாவிய கொள்ளைநோயென்று அறிவித்தது. அதே நாளில் டெக்சாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரத்தில், 3-ஆம் நாள் தொடங்கி நடந்துகொண்டிருந்த பெருங் கால்நடைக் காட்சி நகர அதிகாரிகளின் கட்டளையால் இடையிலே மூடப்பட்டது. இருபது லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வந்துபோகும் விழா அது. மூடியது தவறென்று நாம் சொல்லவில்லை, சரியே. ஆயினும், தம் முறை இன்னும் வாராத பிள்ளைகள், ஓராண்டு உழைப்பையும் வண்டியிலேற்றிக்கொண்டு வந்தவழியே திரும்பியதை எண்ணுங்கால் மனம் வருந்தாதிருக்க முடியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு மாகாணமாகப் பெருங்காட்சிகளை நிறுத்தத் தொடங்கிற்று. மின்னசோட்டா மே மாதத்தில் நிறுத்தியது. ஐயோவா ஜூன் மாதத்தில் நிறுத்தியது. ஐயோவாவில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதுவரை ஓராண்டும் காட்சி தவறியதில்லை. அப்படியானால் கால்நடைகளை என்செய்வது? பன்றி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 ராத்தல் எடை ஏறும். ஒரு மாதந் தாமதித்தால் 60 ராத்தல். 250, 280 ராத்தலில் களத்திற்கு வரவேண்டிய பன்றி பின்னர் எந்த வகுப்பிலும் அடங்காது. போதாக்குறைக்கு, ஏப்பிரல், மே மாதங்களிற் பெரிய இறைச்சித் தொழிற்சாலைகள் பல, வேலையாட்கள் நோயுற்றமையால் மூடிக்கிடந்தன. தெற்கு டகோட்டாவின் சூ பால்ஸ் நகரத்திலும் ஐயோவாவின் வாட்டர்லூ நகரத்திலும் இருந்த மாபெரும் ஆலைகளே நின்றுபோயின. அவற்றைத் திறந்துவைக்க ஏப்பிரல் 28-ஆம் நாள் ஜனாதிபதி தனி உத்தரவு பிறப்பிக்க வேண்டியதாயிற்று. பெருவிவசாயிகள் அனைவருஞ் சிற்றூர்க் கசாப்புக்காரரிடம் ஓடி முன்பதிவு செய்துகொண்டபடியால், ஒற்றைப் பன்றி வைத்திருந்த சிறுமிக்கு நாள் கிடைப்பதே அரிதாயிற்று. காட்சியை நடத்துவதோ நிறுத்துவதோ என்ற கேள்வியில் இவ்வளவு பின்னல் இருந்தது. இதனை அறியாதார், பிடிவாதத்தால் விழா எடுத்தனர் என்று குறைகூறியது பொருந்தாது.

ஆகவே பல இடங்களில் ஒரு நடுவழி காணப்பட்டது. இராட்டினம், வேடிக்கை, தின்பண்டக் கடை, பொதுமக்கள் கூட்டம் ஆகிய யாவற்றையும் நீக்கிவிட்டு, பிள்ளைகளின் போட்டியை மட்டும் வைத்துக்கொள்வது என்பதே அது. ஒகையோ மாகாணத் தலைவர் மைக் டிவைன், ஜூலை 28-ஆம் நாள், அம்மாத இறுதி முதல் நடைபெறும் ஜில்லாக் காட்சிகள் அனைத்தும் சிறுவர் பகுதியளவில் மட்டும் நடக்கலாமென்று கட்டளையிட்டார். ஐயோவா, பெருவிழாவை நிறுத்தியபின் இவ்விரு சங்கத்துப் பிள்ளைகட்கென்றே தனிக் கால்நடைக் காட்சி ஒன்றை அவ்வாண்டிலேயே வைத்தது. டெக்சாசும் அவ்வாறே செய்தது.

இங்கே நோயின் தன்மையை நோக்கவேண்டும்; என்னை? பகைவன் எவ்வழி வருகின்றானென்று அறியாமற் கதவுகளையெல்லாந் தாழிடுவோன், வந்தவழியை மாத்திரந் திறந்துவைத்துவிடுதல் கூடும். கொரோனா கிருமி முக்கியமாக மனிதர் மூச்சுக்காற்றின் வழியே மனிதர்க்குப் பரவுவது. மிங்க் என்னும் மென்மயிர்ப் பிராணி அதற்கு எளிதில் ஆட்பட்டதென்பதும், அதுபற்றி 2020 நவம்பரில் டென்மார்க்கு நாடு தன் பண்ணைகளிலிருந்த மிங்குகளையெல்லாங் கொல்ல முடிவு செய்ததென்பதும் உண்மை. ஆனால் மாடு, பன்றி, கோழி ஆகியவற்றை அக்கிருமி பற்றுவது அரிதென்பது ஆராய்ச்சியில் விளங்கிற்று. எனவே, இக்காட்சியில் அஞ்சத்தக்கது களத்தில் நடந்த காளையன்று. வேலியைப் பிடித்துக்கொண்டு தோளொடு தோள் உரசி நின்ற பாட்டனும் பாட்டியுமே. அன்றியும், நோய்க்குறி தோன்றுமுன்னரே ஒருவர் பிறர்க்கு நோயைக் கொடுத்துவிடக் கூடுமாதலால், வாயிலிலே நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டி உள்ளே விடுதல் மனத்திற்கு ஆறுதல் அளித்ததேயன்றிப் பெருங்காப்பு அளித்ததில்லை.

ஒரு காட்சியில் மனிதர் நெருங்குமிடங்கள் எவை? களம் என்று நினைப்போம். உண்மை வேறு. வந்திறங்கும் வாயில், எடை மேடையின் வரிசை, குளிப்பாட்டுந் தளம், பதிவு செய்யும் அடைத்த சிற்றறை, பரிசு பெற்றபின் படம் எடுக்குமிடம், இவையே நெருக்கம் மிகும் இடங்கள். இதனை உணர்ந்த சங்கத்தார் செய்த ஏற்பாடுகளுட் சிறந்தது, 'காட்டு, கிளம்பு' என்னும் முறை. முன்பெல்லாம் கால்நடைகள் ஐந்தாறு நாள் கொட்டிலிலே தங்கும். குடும்பத்தாரும் அருகிலேயே சமைத்துண்டு உறங்குவர். இப்புதிய முறையில், செம்மறிக்கு ஒரு நாள், பன்றிக்கு ஒரு நாள், மாட்டிற்கு ஒரு நாள் என்று பிரித்து, ஒவ்வொரு வகுப்பிற்கும் வேளை குறித்து, வந்த குடும்பம் தன் இழுவண்டியின் அருகிலேயே கால்நடையைக் கட்டி வைத்திருந்து, அழைக்கும்போது களத்திற்குக் கொண்டுவந்து, முடிந்ததும் வீடு திரும்பியது. எடை பார்க்கும்போதும் ஒருவர் மட்டும் இறங்கிவர, மற்றவர் வண்டியிலேயே இருந்தனர். மயிரை வெட்டி அழகுபடுத்தும் நீண்ட வேலையைப் பல இடங்களிற் குறைத்துவிட்டனர். அதற்கென்று கூலிக்கு வரும் பெரியவர் கூட்டமும் அத்துடன் குறைந்தது. இந்த ஒரு மாற்றத்தால் விளைந்த நன்மை, தெளித்த கிருமிநாசினி அனைத்தாலும் விளைந்ததினும் அதிகமென்பது நம் எண்ணம். வேலிக்கம்பிகளையும் நாற்காலிகளையும் நாள்தோறுந் துடைத்துத் துடைத்துக் கை சலித்தனர் தொண்டர். பொருள்களைத் தொடுவதால் இந்நோய் பற்றுவது மிக அரிதென்று 2021-ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையமே வெளியிட்டது. அக்காலத்து அறிவுக்கு அவர்கள் செய்தது குற்றமன்று. எனினும் அத்தனை கைகளையும் பதிவறையின் ஜன்னல்களைத் திறந்து, மேசையை வெளியிலுள்ள மரநிழலுக்கு மாற்றுவதில் செலுத்தியிருந்தால் நலமாயிருக்கும்.

கொட்டில்களோ இயல்பாகவே நாற்புறமுந் திறந்தவை, பெருவிசிறிகள் சுழல்பவை. அவற்றிற் காற்றுக்குக் குறையில்லை. களத்தினுள்ளே நிகழ்வது இனத்திற்கு இனம் வேறுபடுவதும் கவனிக்கத்தக்கது. மாட்டு வகுப்பில் ஆறடித் தூரத்தை எவருங் கோடு போட்டுக் காட்டவேண்டியதில்லை; நடத்திச் செல்லும் இருவர்க்கிடையில் எட்டடி நீளமுள்ள ஒரு காளை நிற்கிறது! செம்மறி வகுப்பிலோ, பிள்ளை ஆட்டின் தலையைத் தன்னுடம்போடணைத்துப் பிடித்து நிற்க, நடுவர் குனிந்து அதன் முதுகையும் இடுப்பையுங் கையால் அழுத்திப் பார்க்கவேண்டும். இருவர் முகமும் ஒரு முழத்திற்குள் வந்துவிடும். முகக்கவசம் இன்றியமையாததாவது இவ்விடத்தில்தான். பன்றி வகுப்பில் எந்த விதியும் பயன்படுவதில்லை. பன்றி கயிற்றாற் கட்டப்படுவதன்று. சிறு கோலால் தட்டி ஓட்டப்படுவது. அது தனக்கு விருப்பமான திசையிற் போகும். பின்னே பிள்ளை ஓடும். இரு பன்றிகள் சண்டையிட்டால் பலகை தாங்கிய ஆட்கள் இடையிற் புகுவர். அங்கே தூரத்தை அளப்பது எங்ஙனம்? ஒரு வேளையிற் களத்துள் விடும் எண்ணிக்கையைக் குறைப்பதொன்றே வழி. முதற்பரிசுக்குரிய கால்நடையைத் தட்டி, அதன் உரிமையாளரின் கையைக் குலுக்கிப் பாராட்டும் பழைய வழக்கத்தையும் நடுவர்கள் அவ்வாண்டில் விட்டுவிட நேர்ந்தது. பரிசு நாடாக்களை மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளுமாறு செய்தனர்.

விதிகளுள் ஒன்றை மாத்திரம் நாம் விசேஷமாகக் குறிப்பிடுவோம். காய்ச்சல் கண்ட பிள்ளையோ, நோயாளியோடு நெருங்கியதாற் தனித்திருக்குமாறு விதிக்கப்பட்ட பிள்ளையோ வரலாகாதென்று எழுதிவிடுவது எளிது. ஓராண்டு உழைப்பும் கல்லூரிச் சம்பளமும் அன்றைய தினத்தையே பற்றி நிற்கும்போது, அப்பிள்ளை இருமலை அடக்கிக்கொண்டு வருவானா, வீட்டிலிருப்பானா? பெற்றோர்தாம் உண்மையைச் சொல்வாரா? ஆதலின், அவனுக்குப் பதிலாக மற்றொரு பிள்ளை அவன் கால்நடையைக் களத்திற் காட்டலாமென்றும், ஏலத்தில் அவன் பங்கு குறையாதென்றும் முன்னரே அறிவித்தல் வேண்டும். உண்மை பேசுவோனுக்கு நஷ்டம் வைத்துவிட்டு உண்மையை எதிர்பார்த்தல் எந்தச் சங்கத்திற்கும் அழகன்று. முன்கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் இவ்வாறே.

நேரிற் கூடவே முடியாத இடங்களில் இணையத்தின் வழியே காட்சி நடந்தது. பிள்ளை தன் கால்நடையைப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் படம் பிடித்து, நடத்திக் காட்டுஞ் சலனப்படம் ஒன்றையுஞ் சேர்த்து அனுப்ப, நடுவர் தம் வீட்டிலிருந்தே தீர்ப்பளிப்பார். மின்னசோட்டாவில் இவ்வாறு நடந்தது. நோய்க்கு இதினும் பாதுகாப்பான வழி இல்லை. ஆயினும், கைதொட்டு அறியவேண்டிய சதைப்பற்றைப் படம் காட்டாது. படம் பிடிப்போன் சற்றுத் தாழ நின்றாற் குட்டையான காளையும் நெட்டையாய்த் தோன்றும். நல்ல கருவியும் வேகமான இணைய இணைப்பும் இல்லாத மலைநாட்டுப் பிள்ளை தன் கால்நடையின் குறையாலன்றிக் கருவியின் குறையாலே பின்தங்குவான். அன்றியும், பயந்தோடும் விலங்கை நூறு பேர் முன்னிலையில் அமைதியாக நிறுத்தக் கற்பதே இப்பயிற்சியிற் பாதி. வீட்டுப் புறக்கடையிற் பத்து முறை எடுத்து ஒன்றைத் தேர்ந்தனுப்புவதில் அது வாராது. ஏலத்திற்கு மட்டும் இணையம் நன்கு உதவிற்று. வெளியூரிலிருக்கும் பாட்டனாரும் சிற்றப்பன்மாரும் ஏலங் கேட்கலாயினர்.

இதுவரை கூறியது மனிதரால் மனிதர்க்கு வரும் நோயைப்பற்றியது. கால்நடைக் காட்சி நடத்துவோர்க்கு வேறொரு கவலை அதற்கு முன்னரே பழக்கம். 2012-ஆம் ஆண்டுக் கோடையில், பன்றிகளிடமிருந்து வந்த ஒருவகை இன்புளுயன்சா 309 பேரைப் பற்றியது. பெரும்பாலோர் காட்சிகளிற் பன்றியோடு பழகிய சிறுவர். இந்தியானா, ஒகையோ மாகாணங்களில் மிகுதி. ஒருவர் இறந்தார். இதன் மறுதலையும் நிகழ்ந்ததுண்டு. 2009-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் மின்னசோட்டாக் காட்சியிலிருந்த பன்றிகளிடத்தில், அப்போது மனிதரிடையே பரவிய அதே கிருமி காணப்பட்டது. மனிதரே அதனைப் பன்றிகட்குக் கொடுத்திருத்தல் கூடும். 2009 முதல் 2011 வரை ஒகையோவில் 53 காட்சிகளிற் பன்றிகளைச் சோதித்தபோது 12 காட்சிகளில் இன்புளுயன்சா இருந்தது. அவற்றுள் 10 இடங்களிற் பன்றிகளிடம் நோய்க்குறி யாதும் இல்லை. "எங்கள் பன்றி நன்றாய்த் தின்கிறது, அதற்கென்ன?" என்னும் வாதம் இதனால் அடிபட்டுப்போகிறது.

எனவேதான், பன்றிகளைக் காட்சியிடத்தில் 72 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாதென்று வைத்திய நிபுணர் விதித்தனர். நோயோடு வந்த ஒரு பன்றி அடுத்த பட்டிக்கும், அது அதற்கடுத்த பட்டிக்குமாகக் கொடுத்துக் கொட்டில் முழுதும் நிறையச் சில நாள் ஆகும். அந்நாள் வருமுன்னரே கலைத்துவிடுதல் இதன் கருத்து. கொரோனாவிற்கென்று வந்த 'காட்டு, கிளம்பு' முறை இவ்வகையிலும் நன்மையே செய்தது. கொட்டிலுக்குள் உண்பதும் பருகுவதுங் கூடாது; கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பன்றிப்பட்டி வழியே ஓட்டிச் செல்லலாகாது. கையைச் சோப்பும் ஓடும் நீருங் கொண்டே கழுவவேண்டும். சாராயச் சத்துள்ள கைத்தைலம், சாணமும் மண்ணும் படிந்த கையிற் சரிவர வேலை செய்யாது. 2004-ஆம் ஆண்டில் வடகரோலினாக் காட்சியில், ஆட்டுக்குட்டிகளையும் வெள்ளாடுகளையுந் தொட்டு விளையாடும் பட்டியிலிருந்து குடலைத் தாக்கும் ஒரு கிருமி 108 பேர்க்குப் பற்றியதென்பதை நினைவிற் கொண்டால், கைகழுவுந் தொட்டியைக் கொட்டிலின் வெளிவாயிலிலேயே வைக்கவேண்டுமென்பது விளங்கும். தரைக்குக் கிருமிநாசினி தெளிப்பதிலும் இதே நியாயம்: முதலிற் சாணத்தை வாரிக் கழுவித் தள்ளிய பின்னரே மருந்து. சாணத்தின்மேல் ஊற்றிய குளோரின் நீர் சாணத்தோடு போராடியே தன் வலியை இழந்துவிடும்.

வீடு திரும்பிய கால்நடையை உடனே மந்தையிற் சேர்க்காமல் இரண்டு முதல் நான்கு வாரம் வரை தனியே கட்டி, அதற்குத் தனி வாளியும் தனி மண்வெட்டியும் வைத்து, மற்றவற்றிற்குத் தீனி வைத்தபின்னர்க் கடைசியில் அதனிடஞ் செல்லுதல் வேண்டும். காட்சியில் அணிந்திருந்த பூட்சுகளைக் கழுவாமல் தொழுவத்தினுள் மிதிப்பது, வாயிலிற் காவல் வைத்துவிட்டுப் புறக்கடையைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

கொரோனாவின் அவசரநிலை 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் காட்சிச் சங்கத்தார்க்கு ஓய்வு நெடுநாள் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில், பறவைகளைக் கொல்லும் எச்5என்1 என்னும் இன்புளுயன்சா கறவை மாடுகளிற் காணப்பட்டது. பாலிலே கிருமி மிகுதியாயிருந்தது. அவ்வாண்டுக் கோடையில் மின்னசோட்டா, ஐயோவா முதலிய மாகாணங்கள், காட்சிக்கு வருமுன் ஏழு நாளுக்குள் சோதித்துத் தூயதெனக் கண்ட கறவை மாட்டையே ஏற்றன. மிச்சிகனிற் கறவை மாடுகட்குக் களத்தில் இடமே இல்லை. கன்றுகளும் கிடாரிகளும் வந்தன.

பறவைகட்கு வந்த தடை இதனினும் பழையது. 2015-ஆம் ஆண்டில் பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கான கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தபோது, ஐயோவா, மின்னசோட்டா முதலிய பல மாகாணங்கள் உயிருள்ள பறவை எதனையும் காட்சிக்குள் விடவில்லை. கோழி வளர்த்த பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தம் பறவைகளின் படங்களையும், நோய் பரவும் விதத்தை விளக்குஞ் சித்திரப் பலகைகளையும் எழுதிக்கொண்டு வந்தனர். சில ஊர்களில் பஞ்சடைத்த பொம்மைக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு களத்தில் நின்று, அதன் இறகை விரித்துக் காட்டி, அலகையுங் கண்ணையும் காலையும் முறைப்படி சோதித்து, நடுவர் கேட்ட கேள்விகட்கெல்லாஞ் சிரிக்காமல் விடையளித்தனர்.